நாலே முக்கால் பவுன்

மிண்டி கேலிங்கை எனக்கு முதலில் கெல்லி கபூராகத்தான் தெரியும். ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ‘தி ஆஃபீஸ்’ பார்த்த காலம். அதில் பின்பக்க அறையில் உட்கார்ந்துகொண்டு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கும் கெல்லி. அவர் நடிகை மட்டுமில்லை, அந்தத் தொடரை எழுதியவர்களில் ஒருவர். வேலைக்குச் சேரும்போது வயது 24, எழுத்தாளர் குழுவில் அவர் ஒருவர்தான் பெண் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அதற்கும் பிறகு தெரிந்தது அவருடைய முழுப்பெயர். வேரா மிண்டி சொக்கலிங்கம்.

அப்பா தமிழர், கட்டடக் கலைஞர். அம்மா வங்காளி, மகப்பேறு மருத்துவர். இருவரும் சந்தித்துக்கொண்டது நைஜீரியாவில், ஒரு மருத்துவமனையில். அங்கிருந்து அமெரிக்கா போனார்கள்; 1979இல் மிண்டி பிறந்தார். மேடையில் தனியாக நின்று நகைச்சுவை பேச ஆரம்பித்தபோது, அறிவிப்பாளர்கள் ‘சொக்கலிங்கம்’ சொல்ல முடியாமல் நாக்கு சுளுக்கிக்கொண்டதால் பெயரைக் கத்தரித்துக் ‘கேலிங்’ ஆக்கிக்கொண்டார். நமக்குப் பள்ளிக்கூடத்தில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை சொல்லித் தந்தார்கள். முதலும் கடையும் சேர்ந்து போய், சொக்கனில் கொஞ்சமும் லிங்கத்தில் கொஞ்சமும் மட்டும் மிஞ்சினால் அதற்கு என்ன பெயரென்று எங்கள் தமிழய்யா சொல்லவில்லை. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம், சொக்கலிங்கத்தில் இல்லாத ஒரு ‘கேலி’ எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டுவிட்டதே, நகைச்சுவை எழுதுபவருக்கு இதைவிட நல்ல பெயர் ஜாதகம் பார்த்து வைத்தாலும் கிடைக்காதே என்று தோன்றியது. என் ஆபீஸ் மெயிலில் என் பெயர் என்னவாகச் சுருங்கிக் கிடக்கிறது என்பதையும் யோசித்துப் பார்த்துவிட்டு எரிச்சலை விட்டுவிட்டேன்.

அவருடைய கட்டுரைத் தொகுப்புகளை நான் வாசித்தது ஆர்வத்தால் இல்லை, தேவையால். போன வருடம் ஒரு நண்பர், நான் இணையத்தில் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்றார். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன். அடுத்து அவர் சொன்னதில்தான் சிக்கல்: “‘கவரிங்’தான் முதல் கட்டுரை. புத்தகத்துக்கும் அதே தலைப்பு.” அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தன்னைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் யாராவது உண்டா என்று தேடியபோதுதான் மிண்டி கையில் கிடைத்தார்.

‘கவரிங்’ பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2011இல் எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. அம்மா தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்தாள். தாலியைக் கோத்துக்கொள்ள ஒரு கவரிங் சங்கிலி வாங்கினாள். அசலை மீட்டது 2017இல், நான் வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து. இடையில் ஆறு வருடம் கவரிங்தான். விருத்தாசலத்தில் வாங்கினால் கடைக்காரரிலிருந்து பூக்காரம்மா வரை தெரிந்துவிடும் என்று, சிதம்பரம் போய் வாங்குவாள். கவரிங்குக்குப் பேர் போன ஊர். வீட்டில் நடராஜரைப் பார்க்கப் போவதாகச் சொல்வாள். பார்த்துவிட்டும் வருவாள், அதனால் பொய் இல்லை. ஆறேழு மாதத்தில் வியர்வை பட்டுச் சங்கிலி கறுக்க ஆரம்பிக்கும், கழுத்தில் பச்சையாக ஒரு கோடு விழும். எலுமிச்சம்பழத் தோலால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, மறுபடி நடராஜரைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். கல்யாண வீடுகளுக்குப் போனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

இதைத்தான் 2021இல் எழுதினேன். ‘ஐந்து பவுன் சங்கிலி’ என்று தொடங்கும் அந்தக் கட்டுரை. எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனால் நல்ல கட்டுரை என்று முடிவு கட்டிவிட்டேன். (எழுதும்போது அழுகை வந்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிடுகிறது.) வெளியான அன்றே நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ‘துணிச்சல்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாருடைய துணிச்சல் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் சித்தப்பா மகன் ஒருவன், ‘நம் குடும்பத்து எழுத்தாளர்’ என்று பெருமையாக எழுதி, கட்டுரையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நான்காம் நாள் காலையில் பெரிய அத்தை ஒரு கட்டு முருங்கைக்காயோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மூன்று மணி நேரம் இருந்தாராம். திட்டவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அம்மா காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அத்தை போன பிறகு எனக்கு போன் செய்தாள். “எழுதிட்டியாமே” என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்று பேச்சு போய்விட்டது.

மிண்டியின் முதல் தொகுப்பு 2011 நவம்பரில் வந்தது. ‘இஸ் எவ்ரிஒன் ஹேங்கிங் அவுட் வித்அவுட் மீ?’ நான் இல்லாமல் எல்லாரும் எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்து ஜாலியாக இருக்கிறார்களோ என்ற கேள்வி. விடுமுறை நாளில் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்கு இந்தத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. குண்டுப் பெண்ணாக இருந்து பள்ளியில் கேலி வாங்கியது, நியூயார்க்கில் வேலையில்லாமல் தோழிகளோடு ஒண்டியிருந்தது, தோழியோடு சேர்ந்து ‘மேட் அண்ட் பென்’ என்று ஒரு நாடகம் எழுதி, இவரே பென் அஃப்லெக்காக வேடம் போட்டது என்று போகும். சீரியஸான இலக்கியமெல்லாம் இல்லை. பாதிக் கட்டுரைகள் பட்டியல்கள். உற்ற தோழிக்கு உள்ள உரிமைகளும் கடமைகளும், காதல் படங்களில் மட்டுமே உயிர்வாழும் பெண் வகைகள், இப்படி. சில இடங்களில் பக்கத்தை நிரப்பியிருக்கிறார் என்று பளிச்சென்று தெரிகிறது. நான்கைந்தைத் தாண்டிப் போனேன்.

ஒன்றைத் தாண்ட முடியவில்லை. ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகை, அழகானவர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்துப் படமெடுக்கக் கூப்பிடுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் படப்பிடிப்பு. உடை அலங்காரம் செய்பவர் வரிசையாக உடைகளைக் கொண்டுவந்து தொங்கவிடுகிறார். எல்லாம் பூஜ்ய அளவு. மிண்டியின் அளவு எட்டு. அவர் போட்டுக்கொள்ளக்கூடிய அளவில் ஒன்றே ஒன்று இருக்கிறது, பார்க்கச் சகிக்காத ஒன்று. மிண்டி பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போய் அழுகிறார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, தொங்குவதிலேயே அழகான ரோஸ் நிற கவுனைக் காட்டி, இதைத்தான் போட்டுக்கொள்வேன் என்கிறார். பற்றாதே என்றால், பற்ற வையுங்கள். கடைசியில் கவுனின் முதுகுப்பக்கத்தைக் கிழித்து, நடுவில் வேறு துணி வைத்து இணைக்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மிண்டியே எழுதுகிறார், முதுகில் என்ன இருந்தது என்று.

இதைத் தாம்பரம் ரயிலில் வாசித்தேன். சேத்துப்பட்டு வருவதற்குள் இரண்டு முறை வாசித்துவிட்டேன். முன்பக்கம் மட்டும் தெரியும்படி நிற்பது, பின்னால் ஒட்டுப்போட்டிருப்பது. இது அம்மாவின் கதை அல்லவா? முந்தானைக்குள் இருந்த சங்கிலி அல்லவா? ஒரே சம்பவம் மாதிரி இருந்தும் ஏன் இதை வாசித்தால் மனசு லேசாகிறது, என் கட்டுரையை நினைத்தால் வயிற்றில் கல் உட்காருகிறது?

பதில் கண்டுபிடிக்கப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம். கவுன் மிண்டியுடையது. முதுகும் அவருடையது. சங்கிலி என்னுடையது இல்லை.

ஆனால் இந்தப் பதிலோடு நிற்க முடியாது. தன் முதுகை மட்டும் எழுதி எத்தனை கட்டுரை எழுத முடியும்? நம் வாழ்க்கையில் நாம் தனியாகவா இருக்கிறோம்? அம்மா இல்லாத என் கதை எது? அதனால் மற்றவர்கள் வரும் இடங்களில் மிண்டி என்ன செய்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். பரீட்சைக்குப் பிட் தேடுகிறவள் மாதிரி.

இரண்டாவது தொகுப்பு ‘ஒய் நாட் மீ?’ 2015இல் வந்தது. அதற்குள் அவர் பெரிய ஆளாகிவிட்டார். சொந்தப் பெயரிலேயே ஒரு தொடர் நடந்துகொண்டிருந்தது. பிரபலமானவரின் நாட்குறிப்பு வாசனை அடிக்கிற பக்கங்கள் உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தன் ஆசைகளைப் பற்றி அவர் எழுதுவது பிடித்தது. எனக்கு எல்லாருக்கும் பிடித்தவளாக இருக்க வேண்டும், அழகாகத் தெரிய வேண்டும், பெயர் வாங்க வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். ‘தி ஆஃபீஸ்’ காலத்திலிருந்து கூடவே இருக்கும் பி. ஜே. நோவாக்கைப் பற்றி ஒரு கட்டுரை. காதலர்களாக இருந்து, பிரிந்து, காதல் என்றும் நட்பு என்றும் சொல்ல முடியாத ஒன்றாக ஆகிவிட்ட உறவு. பெயரோடு எழுதுகிறார். நோவாக்கும் எழுத்தாளர், புத்தகங்கள் போட்டவர். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. என் அம்மாவுக்கு எந்த இணைய இதழில் பத்தி இருக்கிறது?

மிண்டியின் அம்மா, டாக்டர் ஸ்வாதி, 2012 ஜனவரியில் கணையப் புற்றுநோயில் இறந்துபோனார். மகளின் முதல் புத்தகம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அந்த நாட்களைப் பற்றி வாசிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு மகள் தன் அம்மாவின் கடைசி நாட்களை எப்படி எழுதுவாள்? எவ்வளவு சொல்வாள்? 2015 புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். திருமணங்களுக்கு ஒரு தலைப்பு இருந்தது, அழகாகத் தெரிவதற்கு ஒரு தலைப்பு இருந்தது. அதற்கு ஒரு தலைப்பு இல்லை. வெறுமனே கல்யாணச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போனவள்போல எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. என் கட்டுரையை வாசித்துக் கண்ணீர் வந்தது என்று எழுதியவர்களின் இடத்தில் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன், அடுத்தவர் அம்மாவின் சாவுக்குக் கையேந்திக்கொண்டு.

அம்மாவை அவர் எங்கே வைத்தார் என்பது வேறு இடத்தில் தெரிந்தது. ‘தி மிண்டி ப்ராஜெக்ட்’ தொடரின் நாயகி யார்? மகப்பேறு மருத்துவர். அம்மா செய்த அதே வேலை. அந்தத் தொடர் 2012இலேயே ஒளிபரப்பாகிவிட்டது. 2020இல் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ்க் குடும்பம். தேவி விஸ்வகுமார் என்ற பதினைந்து வயதுப் பெண். அவளுடைய அப்பா மோகன், மகளின் பள்ளிக் கச்சேரிக்கு வந்த இடத்தில் மாரடைப்பில் விழுந்து இறந்துபோகிறார். அந்த அதிர்ச்சியில் தேவிக்குக் கால்கள் வேலை செய்யாமல் போகின்றன. கால் சரியாகி, அடுத்த வருடம் அவள் பள்ளிக்குத் திரும்புகிற நாளிலிருந்து கதை. அதில் வரும் தமிழ் உச்சரிப்பைக் கிண்டல் செய்து நம்மாட்கள் நிறைய எழுதினார்கள், நானும் சிரித்தேன். முதல் பருவத்தின் கடைசியில், அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைக்கத் தேவியும் அம்மாவும் ஒன்றாக நிற்கும் இடத்தில் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அம்மாவை இழந்த ஒரு பெண், அப்பாவை இழந்த ஒரு பெண்ணை எழுதியிருக்கிறார். இறந்தவரை மாற்றி, கச்சேரி, கடல் எல்லாம் போட்டு, யாரும் அவர் அம்மாவின் படுக்கையை எட்டிப் பார்க்க முடியாதபடி எழுதியிருக்கிறார். இது என் யூகம்தான். ஆனால் அப்படித்தான் பார்க்க முடிகிறது.

‘தி ஆஃபீஸ்’ இரண்டாயிரத்து ஆறில் ஒரு தீபாவளி எபிசோட் போட்டது, மிண்டி எழுதியது. கெல்லியின் அப்பா அம்மாவாக வருபவர்கள் நடிகர்கள் இல்லை. அவருடைய சொந்த அப்பா அம்மாவேதான். ஹாஸ்டலில் நாங்கள் அதைப் பார்த்தபோது அது தெரியாது. இப்போது தேடிப் பார்த்தேன். அந்த அம்மா வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பட்டுப்புடவை. நான் கழுத்தைத்தான் பார்த்தேன். பழக்கதோஷம்.

நம் ஊரிலும் நடிகர்கள் தங்களைப் பற்றி எழுதாமல் இல்லை. எம்.ஜி.ஆர். ‘நான் ஏன் பிறந்தேன்’ எழுதினார், பிரகாஷ்ராஜ் ‘சொல்லாததும் உண்மை’ எழுதினார், இரண்டும் விகடனில் வந்தவை. ஆனால் நடிகைகள் என்று வரும்போது, அவர்களாக எழுதியதைவிட அவர்களைப் பற்றி அடுத்தவர்கள் எழுதியதுதான் நம்மிடம் மலைபோலக் கிடக்கிறது. யாரோடு பார்த்தார்கள், யாரோடு பிரிந்தார்கள், குழந்தை யாருடையது. வெளிப்படை என்றால் ஒரு பெண்ணிடமிருந்து அதைக் கறப்பது என்றே பழகிவிட்டோம்.

அதனால்தான் மிண்டியின் அடுத்த விஷயம் என்னை உட்கார வைத்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2017இல் ஒரு மகள், பிறகு ஒரு மகன், 2024இல் இன்னொரு மகள். அப்பா யார் என்று அவர் சொல்லவில்லை. எத்தனையோ பேட்டிகளில் கேட்டுவிட்டார்கள். அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: என் மகளிடம் நான் அதைப் பற்றிப் பேசும்வரை வேறு யாரிடமும் பேசப் போவதில்லை.

உடம்பின் அளவைச் சொன்னவர், கழிப்பறையில் அழுததைச் சொன்னவர், பிரிந்த காதலைப் பெயரோடு சொன்னவர். இதைச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பதாகவும் தெரியவில்லை. கேட்க வேண்டிய முதல் ஆள் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 2020இல் வந்த ‘நத்திங் லைக் ஐ இமாஜின்ட்’ சின்னத் தொகுப்பு, ஆறே கட்டுரை. அதில் மகளுக்கு முதல் மொட்டை போடும் சடங்கைப் பற்றி ஒன்று உண்டு. தான் அரைகுறை இந்து என்பதையும், சடங்கைப் பற்றித் தனக்கே சரியாகத் தெரியாது என்பதையும் போட்டு உடைத்துக்கொள்கிறார். குழந்தை மடியில் இருக்கிறது, முடி இறங்குகிறது, கட்டுரை முழுக்கக் குழந்தைதான். ஆனால் அடி வாங்குவது முழுக்க அம்மாக்காரிதான்.

முதல் ஆள். நான் அந்தச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். ‘கவரிங்’கை முதலில் யாருக்குக் காட்டினேன்? ரூம்மேட்டுக்கு. பிறகு ஆசிரியருக்கு. பிறகு உலகத்துக்கு. அம்மாவுக்கு அது அத்தை வழியாக, முருங்கைக்காயோடு போய்ச் சேர்ந்தது.

கட்டுரை வந்து ஆறேழு மாதம் கழித்து, நெய்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அம்மா மீட்டெடுத்த சங்கிலியைப் போட்டிருந்தாள். அசல் சங்கிலி. முந்தானையை இழுத்துப் போர்த்தவில்லை, விட்டிருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பேசிக்கொண்டே அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று இலையைப் பார்த்தார். வரும் வழியில் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “அப்ப கவரிங்கப் போட்டேன், எல்லாரும் தங்கம்னு நெனச்சாங்க. இப்ப தங்கத்தப் போட்ருக்கேன், கவரிங்கான்னு பாக்கறாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்ததுபோலத்தான் சொன்னாள். நான் சேத்தியாத்தோப்புக் கரும்பு லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆறு வருடம் ஒரு ஊரையே ஏமாற்றுவது சின்ன வேலை இல்லை. அம்மா ஒரு தடவைகூடத் தடுக்கி விழவில்லை. எப்போது மாற்ற வேண்டும், எந்த வெளிச்சத்தில் நிற்கக் கூடாது, யார் பக்கத்தில் உட்காரக் கூடாது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைத் தியாகம் என்று எழுதியிருந்தேன். அம்மாவுக்கு அது தியாகமாக இருந்ததோ என்னவோ, திறமையாகவும் இருந்திருக்கிறது. அந்தத் திறமையின் மொத்தப் பலனும் யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான். நான் அதற்குக் கைதட்டல் வாங்கிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் கட்டியதைக் கலைத்துவிட்டேன்.

புத்தகம் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிடலாமா, அந்தக் கட்டுரையை மட்டும் எடுத்துவிடலாமா என்று ஒரு மாதம் இழுத்தேன். கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு மத்தியானம், அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மிண்டி கதையை ஆரம்பித்தேன்.

“ஒரு நடிகை இருக்கா. அமெரிக்கால. அப்பா பேரு சொக்கலிங்கம்.”

“எந்த ஊரு சொக்கலிங்கம்?”

“சென்னைல வளந்தவரு. விடும்மா, அது இல்ல விஷயம்.” கவுன் கதையைச் சொன்னேன். கழிப்பறை, அழுகை, ரோஸ் கலர், கிழித்தது, ஒட்டுப் போட்டது.

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். “என்ன துணி வச்சாங்க? ஒரே கலரா?”

“தெரியலம்மா. வேற துணி.”

“போட்டோல தெரிஞ்சுதா?”

“தெரியல. முன்னாடி மட்டும்தான எடுத்தாங்க.”

“அப்புறம் எதுக்குச் சொன்னா?”

“அவ கவுனும்மா. அவ முதுகு. அவளுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு.”

அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். இரண்டு வெங்காயம் உரிக்கிற நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் புத்தக விஷயத்தைச் சொன்னேன். வேண்டாமென்றால் அந்தக் கட்டுரையை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“அதுல என்ன எழுதிருக்கேன்னு எனக்கு என்ன தெரியும்?”

“படிச்சியேம்மா?”

“எங்க படிச்சேன்? உங்க அத்த வந்து பாதி சொன்னாங்க. கல்யாண வீட்ல ஒருத்தி மீதியச் சொன்னா. நீ எங்கிட்டக் காட்டினியா?”

நான்கு வருடமாக அம்மா அதை வாசிக்கவில்லை. அவளிடம் போனில் தமிழ் எழுத்து தெரியும், கண்ணாடி இருக்கிறது, லிங்க் எங்கள் குடும்பக் குழுவிலேயே கிடந்தது. நான் கொடுக்கவில்லை, அதனால் அவள் திறக்கவில்லை.

போனை எடுத்து அங்கேயே வாசித்துக் காட்டினேன். என் குரலில் என் வாக்கியங்களைக் கேட்கச் சகிக்கவில்லை. இவ்வளவு பெருமூச்சு விட்டிருக்கிறேனா? அம்மா நடராஜர் இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில், “இது வேணாம், எடுத்துடு” என்றாள். அப்பாவைப் பற்றிய ஒரு வரி. இன்னொரு இடத்திலும் சொன்னாள். இரண்டையும் எடுத்துவிட்டேன், இந்தக் கட்டுரையிலும் அவை இல்லை. இதையும் அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன், அத்தையின் முருங்கைக்காய் வரும் இடத்தில் ‘ஒரு கட்டு’ என்பது ரொம்பக் குறைச்சலாகத் தெரிகிறது, நிறையவே கொண்டுவந்தாங்க என்றாள். நான் அதை மட்டும் மாற்றவில்லை.

அன்றைக்கு வாசித்து முடித்ததும் அம்மா முறத்தைத் தட்டிச் சருகைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“மொதல்லயே தப்பு. அஞ்சு பவுன்னு போட்ருக்க.”

“அஞ்சு இல்லியா?”

“நாலே முக்கால்.”

“சரி, ஒரு இதுக்காக அஞ்சுன்னு போட்டேன். முழுசா சொன்னா நல்லாருக்கும்ல.”

“நல்லாருக்குமா?” என்றாள் அம்மா. “இன்னிக்குக் கால் பவுன் என்ன வெல தெரியுமா ஒனக்கு?”